பக்கத்தில் இருக்கும் பீட்சா கடை நல்ல கடையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் தடவை போகும்போது சிக்கன், காளான், ஆலிவ் என்று எல்லாவற்றையும் அள்ளிப் போட்டதை வாங்காதீர்கள், வெறும் மார்கெரிட்டா கேளுங்கள். மாவு, தக்காளி சாஸ், சீஸ் மூன்றில் எது சொதப்பினாலும் அதில் உடனே தெரிந்துவிடும். வந்ததும் ஒரு துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஆங்காங்கே கரும்பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அடுப்பு நல்ல சூட்டில் இருந்திருக்கிறது, வெளுத்துக் கிடந்தால் சரியாக வேகவில்லை. அப்புறம் ஓரத்தைப் பிய்த்துப் பாருங்கள்: உள்ளே சிறிதும் பெரிதுமாகக் காற்றறைகள் தெரிந்தால் மாவை அவசரப்படாமல் புளிக்க விட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம், அந்த மாவு ஆறின பிறகும் ருசியாக இருக்கும். நேப்பிள்ஸ் (இத்தாலிய நகரம்) பாணி என்று சொல்லும் கடையில் மட்டும் நடுப்பகுதி தொளதொளவென்று மடங்குவதைக் குறை சொல்லாதீர்கள், 430 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் 60 முதல் 90 விநாடிக்குள் வெந்து வரும் பீட்சா அப்படித்தான் இருக்கும். சாஸ் தித்தித்தால் எனக்குச் சந்தேகம்தான், மட்டமான தக்காளியைச் சர்க்கரை போட்டுச் சமாளிக்கிற கடைகள் நிறைய. சீஸ் நூலாக இழுபடுவதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது படம் எடுக்கத்தான் உதவும், வாயில் பால் ருசி வருகிறதா என்று பாருங்கள். ஆன்லைன் ரேட்டிங்? டெலிவரி சீக்கிரம் வந்ததற்கெல்லாம் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள், எனவே நட்சத்திரத்தை விட்டுவிட்டு மாவைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.