அம்மாவின் முழங்காலிலும் கால்சியம், என் தோளிலும் கால்சியமா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. நான்காம் நாள் வலது முழங்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் சுட்டது, லேசான காய்ச்சலும் வந்தது. ஊசியால் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, சூடோகவுட், கால்சியம் படிகம் என்றார்கள். யூரிக் அமிலம் சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து பால், தயிர், நெத்திலி, கால்சியம் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். எனக்கு 47 வயது. இரண்டு வருடத்துக்கு முன் என் தோளிலும் கால்சியம் இருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். இது பரம்பரையா? பக்கத்து வீட்டு மாமா தன்னுடைய கவுட் மாத்திரை அலோபியூரினாலைக் கொடுத்திருக்கிறார், அம்மாவுக்குக் கொடுக்கலாமா?
– தோ பாயோ வாசகி

பதில்: முதலில் பாலைத் திரும்பக் கொடுக்க ஆரம்பியுங்கள். எலும்பு முறிந்து படுத்திருக்கும் 76 வயதுப் பெண்மணிக்குக் கால்சியத்தை நிறுத்துவதுதான் இப்போது நீங்கள் செய்யும் பெரிய தவறு. உங்களைக் குறை சொல்லவில்லை, பெயரிலேயே கால்சியம் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நாம் சாப்பிடுகிற கால்சியம் நேராகப் போய் மூட்டில் உறைவதில்லை. குருத்தெலும்பில் இருக்கும் செல்கள் பைரோபாஸ்பேட் என்ற ஒரு பொருளை வெளியே விடுகின்றன. வயதாக ஆக அது கூடுதலாகச் சேர்ந்து, அங்கே எப்போதும் இருக்கிற கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு படிகமாகிறது. சிக்கல் பைரோபாஸ்பேட்டில்தான், பாலில் இல்லை.

இந்தப் படிகங்கள் பல வருடம் சும்மா கிடக்கும். 80 வயதைத் தாண்டிய பலரின் முழங்கால் எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும், அவர்கள் பாட்டுக்குத் தேக்கா சந்தைக்கு நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். அதற்கு வைத்தியமே வேண்டாம். அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, நிமோனியா மாதிரி உடம்பைக் குலுக்கும் ஏதாவது வந்தால் படிகங்கள் குருத்தெலும்பிலிருந்து உதிர்ந்து மூட்டுநீரில் விழும், வெள்ளை அணுக்கள் அவற்றை எதிரி என்று நினைத்துப் பாயும், ஒரே இரவில் முழங்கால் வீங்கிவிடும். உங்கள் அம்மாவுக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். கவுட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகும் நோய், பெரும்பாலும் கால் பெருவிரலில் ஆரம்பிக்கும், இது முழங்காலையும் மணிக்கட்டையும் தேடிப் போகும், அடங்குவதற்கும் சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். வயதானவர்களுக்குக் காய்ச்சலோடு கொஞ்சம் பிதற்றலும் வரலாம், பயந்துவிடாதீர்கள்.

நீர் எடுத்துப் பார்த்தார்கள் என்றீர்களே, அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லுங்கள். மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் வைத்தாலும் இதே சூடு, இதே வீக்கம், இதே காய்ச்சல்தான், அதைத் தவறவிட்டால் சில நாட்களிலேயே மூட்டு பாழாகிவிடும். ரத்தப் பரிசோதனையால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. நீரைத் துருவ ஒளி நுண்ணோக்கியில் வைத்தால் கவுட் படிகம் ஊசி போலப் பளிச்சென்று மின்னும், இது குட்டையாகச் சாய்சதுரமாக மங்கலாகத் தெரியும். 1960களின் தொடக்கத்தில் டேனியல் மெக்கார்ட்டி என்ற அமெரிக்க மருத்துவர் இப்படிப் பார்த்துத்தான், கவுட் என்று எண்ணியிருந்த சிலருக்கு இருந்தது வேறு படிகம் என்று கண்டுபிடித்தார். சூடோகவுட், அதாவது போலி கவுட் என்ற பெயர் அப்போது வந்ததுதான். வலியில் போலி எதுவும் கிடையாது!

இதே படிகம் வேறு வேஷத்திலும் வரும். சிலருக்குத் திடீர் வீக்கமாக இல்லாமல் இரண்டு கை மணிக்கட்டும் விரல் கணுக்களும் மாதக்கணக்கில் வீங்கி, காலையில் விறைத்துப்போகும், முடக்குவாதம் என்று வருடக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள்கூட உண்டு. சிலருக்கு வெறும் மூட்டுத் தேய்மானம் போலவே இருக்கும், ஆனால் தேய்மானம் வழக்கமாக வராத இடத்தில் வரும்: மணிக்கட்டு, முழங்கை, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையில் சேரும் கணு. இன்னொன்று கழுத்து. பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு பாட்டி காய்ச்சலோடு வந்தார், கழுத்தைத் திருப்பவே முடியவில்லை, நாங்கள் எல்லாரும் மூளையுறை அழற்சி என்று ஓடிக்கொண்டிருந்தோம். சிடி ஸ்கேனில் பார்த்தால் இரண்டாவது கழுத்து எலும்பின் முனையைச் சுற்றிக் கிரீடம் வைத்த மாதிரி கால்சியம். ஒரு வாரத்தில் கழுத்தைத் திருப்பித் திருப்பி எங்களைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

சரி, உங்கள் தோளுக்கு வருவோம். பெயரில் கால்சியம் இருந்தாலும் அது வேறு ஜாதி. எலும்பிலும் பல்லிலும் இருக்கிற ஹைட்ராக்ஸிஅப்பட்டைட் வகை அது, மூட்டுக்குள் இல்லாமல் தோளின் தசைநாணில் படியும். முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். விசித்திரம் என்னவென்றால், அது கரையும்போதுதான் உயிர் போகிற வலி, சட்டை போடக்கூட கையைத் தூக்க முடியாது. அந்த வலியில் அவசரப் பிரிவுக்கு ஓடுபவர்கள் நிறைய, ஆனால் கரைகிறது என்றால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். இந்தப் படிகம் மிகப் பொடி, துருவ ஒளியில் தெரியாது, எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோதான் காட்டிக்கொடுக்கும். வலி நிவாரணியும் இயன்முறைப் பயிற்சியும் போதாவிட்டால் ஊசியால் கழுவி எடுக்கலாம், அதிர்வலை சிகிச்சையும் உண்டு. ஆக, அம்மாவுடையதும் உங்களுடையதும் தாய்வழி வந்த ஒரே நோய் அல்ல. உங்களுக்கு இப்போது வலி இல்லையென்றால் அந்த எக்ஸ்ரேயை அலமாரியில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

அதே பொடிப் படிகம் வயதான பெண்களின் தோள் மூட்டையே அரித்து, ரத்தம் கலந்த நீரைச் சேர்க்கும் ஒரு வகையும் இருக்கிறது. மில்வாக்கி தோள் என்பார்கள், அதை 1981ல் விவரித்ததும் மெக்கார்ட்டி குழுதான். அபூர்வம், உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். மூன்றாவது வகைப் படிகம் கால்சியம் ஆக்சலேட், அது பெரும்பாலும் நீண்ட நாள் டயாலிசிஸ் செய்பவர்களுக்கு. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் வைட்டமின் சி மாத்திரையை அவர்கள் பாட்டுக்கு வாங்கி விழுங்க விடாதீர்கள், உடம்பில் அது ஆக்சலேட்டாக மாறும்.

அம்மாவுக்கு என்ன செய்யலாம்? யூரிக் அமிலத்தைக் குறைக்க மருந்து இருப்பது போல இந்தப் படிகத்தைக் கரைக்க மருந்து இல்லை. கொதிப்பை அடக்குவதுதான் வழி: நீரை எடுத்துவிடுவது, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், கிருமி இல்லை என்று தெரிந்தபின் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, அல்லது சில நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரை. கொதிப்பை அடக்கும் கோல்ச்சிசின் மாத்திரை கொடுத்தால் வயிற்றுப்போக்கு வருகிறதா பாருங்கள், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், சளிக்குக் கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை யாராவது எழுதினால் கோல்ச்சிசின் சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். மருந்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் இந்த வயதில் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும், கேட்காமல் வேண்டாம். தைலம் தேய்த்து அமுக்கிவிடுவதும் இப்போதைக்கு வேண்டாம். வீக்கம் வடிந்ததும் சீக்கிரம் நடக்க வைக்கவேண்டும், இடுப்புக்கும் அதுதான் நல்லது.

அடுத்த முறை பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போகும்போது ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம், தேவைப்பட்டால் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோன் பார்க்கச் சொல்லுங்கள். அம்மா நீர் மாத்திரையோ, ஒமெப்ரசோல் மாதிரி வயிற்றெரிச்சல் மாத்திரையோ நெடுநாளாக எடுத்தால் அதையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள், இரண்டும் மெக்னீசியத்தைக் குறைக்கக்கூடும். அறுபதுக்குள் இந்த நோய் வந்தால் இன்னும் தீவிரமாகத் தேடுவோம், இரும்புச் சத்து உடம்பில் மிதமிஞ்சிச் சேர்கிறதா என்றுகூட. 76ல் பெரும்பாலும் காரணம் வயதுதான். முழங்கால் மறுபடி சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடித்தால், போன முறை படிகம்தானே என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்தே வருவதுண்டு.

அப்புறம் அந்த அலோபியூரினால். மாமாவிடம் பக்குவமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது யூரிக் அமிலத்துக்கான மருந்து, அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை, அபூர்வமாகச் சிலருக்கு உடம்பெல்லாம் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையும் வரும். ஏற்கெனவே ஓரிரண்டு கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வருகிறதா என்று சில வாரம் கவனியுங்கள், வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.