கர்னலில் ஜிஎஸ் பேஸ் (ஜிஎஸ் ரெஜிஸ்டர் வழியாக நினைவகத்தைத் தொடும்போது கூட்டப்படும் தொடக்க முகவரி) சில நேரம் மட்டும் சுழியாகிவிடுகிறது. யூசர் நிரலில் ஒரு பிரிண்ட் சேர்த்தால் பிழையே வருவதில்லை. எங்கே தேடுவது?

பிரிண்ட் சேர்த்தால் மறைகிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு.

பொழுதுபோக்காக எழுதிய எக்ஸ்86-64 கர்னலில் நானும் இதில் மாட்டியிருக்கிறேன். யூசர் நிரலில் வரும் பேஜ் ஃபால்ட் (அணுக முடியாத நினைவக முகவரியைத் தொட்டால் சிபியு எழுப்புவது) பல முறை ஒழுங்காகக் கையாளப்படும், திடீரென்று ஒருமுறை அதைக் கையாளும் கர்னல் ஹேண்ட்லரே ஃபால்ட் ஆகும். ஃபால்ட்டை உண்டாக்கிய முகவரியைச் சிபியு வைக்கும் சிஆர்2-இல் 16 இருக்கும். நடப்பு த்ரெட்டின் பாயின்டரை நான் வைத்திருந்தது ஜிஎஸ்:16-இல் (பேஸ் + 16), ஆக பேஸ் சுழி. ஆனால் கர்னல் விழும்போது அச்சிடும் பேனிக் செய்தியில் ஜிஎஸ் பேஸ் சரியாகவே அச்சானது! அதை நம்பி ஷெட்யூலரைக் குடைந்து நாலு நாள் போயிற்று.

பிழை இருந்தது, இன்டரப்டோ ஃபால்ட்டோ வந்ததும் முதலில் ஓடும் நுழைவு நிரலில். யூசரிலிருந்து வந்தோமா என்று ஸ்டாக்கில் உள்ள சிஎஸ் ரெஜிஸ்டரின் கடைசி இரண்டு பிட்டைப் பார்த்துத்தானே ஸ்வாப்ஜிஎஸ் (யூசர், கர்னல் ஜிஎஸ் பேஸ்களை இடம் மாற்றும் கட்டளை) போடுவோம்? டைமர் இன்டரப்டில் அது ஸ்டாக் உச்சியிலிருந்து 8 பைட் தள்ளி, ஆர்எஸ்பி+8-இல் இருக்கும். பேஜ் ஃபால்ட்டில் சிபியு எரர் கோடு ஒன்றையும் ஸ்டாக்கில் போடுவதால் +16-க்கு நகர்ந்துவிடும். நான் இரண்டுக்கும் ஒரே மேக்ரோவைப் போட்டிருந்தேன். அதனால் பேஜ் ஃபால்ட்டில் சோதிக்கப்பட்டது சிஎஸ் அல்ல, ஆர்ஐபி. ஃபால்ட் ஆன இன்ஸ்ட்ரக்‌ஷனின் முகவரி 4-ஆல் வகுபட்டால், கர்னலிலிருந்து வந்ததாக நினைத்து ஸ்வாப்ஜிஎஸ்ஸைத் தாண்டிப் போய்விடும். பிரிண்ட் சேர்த்ததும் முகவரிகள் நகர்ந்துவிடும், பிழையும் ஒளிந்துகொள்ளும்.

சரி, பேனிக் ஏன் பொய் சொன்னது? ஹேண்ட்லருக்குள் வந்த இரண்டாவது ஃபால்ட்டின் ஆர்ஐபி 4-ஆல் வகுபடவில்லை. அதே தப்பான சோதனை அப்போது ஸ்வாப்ஜிஎஸ்ஸை ஓட்டி, பேஸைச் சரிசெய்து, தடயத்தைத் துடைத்துவிட்டது.

எனவே உங்கள் ஹேண்ட்லர் அச்சிடுவதை நம்பாதீர்கள். கியூஎம்யூ எமுலேட்டரை, கேவிஎம் (வன்பொருள் முடுக்கம்) இல்லாமல், ‘-டி இன்ட்’ (-d int) கொடுத்து ஓட்டுங்கள். ஹேண்ட்லர் தொடங்கும் முன்பே ரெஜிஸ்டர்களைப் பதிவு செய்துவிடும். அதில்தான் சொதப்பிய ஆர்ஐபிகள் எல்லாம் 4-இன் மடங்கு என்று கண்ணில் பட்டது.

நுழைவு நிரல் சரியாக இருந்தால், ஜிடிடி (செக்மென்ட் விவரப் பட்டியல்) ஏற்றும் வரிசையைப் பாருங்கள். பேஸை அதற்கான எம்எஸ்ஆரில் (சிபியுவின் சிறப்பு ரெஜிஸ்டர்) எழுதிய பிறகு ஜிஎஸ்ஸில் சுழியை ஏற்றினால் இன்டெல் சில்லுகளில் பேஸ் அழிந்துவிடும். பழைய ஏஎம்டி சில்லுகளில் அழியாது, அதனால் ஒரு கணினியில் ஓடி இன்னொன்றில் விழும். ஜிஎஸ்ஸில் ஏற்றும் செலெக்டர் முதலில், எம்எஸ்ஆர் அப்புறம்.

யூசர் பக்கத்து த்ரெட்-லோக்கல் மாறியைத் தொட்டதும் சிஆர்2-இல் −4 மாதிரி சின்ன எதிர்மறை எண் வந்தால் அது வேறு கதை. ஒன்று, யூசர் பக்கம் அந்த மாறிகளுக்குப் பயன்படும் எஃப்எஸ் பேஸ் சுழி. இல்லையென்றால், பேஸ் காட்டும் இடத்தின் முதல் 8 பைட்டில் அந்த இடத்தின் முகவரியையே எழுத மறந்திருப்பீர்கள்.