ஆளில்லாத குதிரை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் நண்பர்களோடு ஒரு சினிமாவுக்குப் போயிருந்தேன். வெளியே வந்ததும், ‘ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம் மாதிரி இருக்கு, விஷுவல் ஸ்டோரிடெல்லிங்னா இதுதான்’ என்று எல்லோரும் சிலாகித்தார்கள். எனக்கோ அரை மணி நேரத்திலேயே மனம் விலகிவிட்டது. அதைச் சொன்னால், ‘உனக்கு ரசனை போதாது’ என்கிறார்கள். இன்னொன்று. ஆறாவது படிக்கும் என் மகள் எந்நேரமும் காமிக்ஸும் கையுமாக இருக்கிறாள். படம் பார்க்கிறாளே தவிர எதையும் படிப்பதில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் குறை. படத்தால் கதை சொல்வது உண்மையிலேயே ஒரு தனிக் கலையா? அதில் சொற்கள் குறையக் குறையத்தான் உயர்வா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ரசனையில் கோளாறு ஒன்றும் இல்லை. அழகான படம் வேறு, கதை சொல்லும் படம் வேறு. நல்ல வெளிச்சத்தில் எடுத்த மலைச்சரிவு கண்ணை நிறைக்கும். ஆனால் முந்தைய ஷாட்டோடும் அடுத்த ஷாட்டோடும் அதற்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இல்லையென்றால், கதை அங்கே நின்றுபோகிறது. எதை முதலில் வைப்பது, எதன் பக்கத்தில் எதை வைப்பது, எதைக் காட்டாமலே விடுவது, இந்த முடிவுகளில்தான் இந்தக் கலையே இருக்கிறது. இது கைவந்தவர் சுமாராக வரைந்தாலும் நம்மை உட்கார வைத்துவிடுவார்.

இதைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சாஞ்சிதான். போபாலிலிருந்து விதிசை போகும் வழியில் இருக்கிறது. அங்குள்ள பெரிய ஸ்தூபியின் கிழக்குத் தோரண வாசலில் மூன்று குறுக்கு உத்தரங்கள். அவற்றில் நடு உத்தரத்தின் முகப்பில் சித்தார்த்தன் அரண்மனையை விட்டுப் போகிற இரவைச் செதுக்கியிருக்கிறார்கள். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய வேலை. இடது ஓரத்தில் கோட்டை மதிலோடு கபிலவஸ்து நகரம். அதன் வாசலிலிருந்து ஒரு குதிரை வெளியே வருகிறது. அதன் முதுகில் ஆள் இல்லை. ஆனால் முதுகுக்கு மேலே ஒரு குடை பிடிக்கப்பட்டிருக்கிறது. குளம்புச் சத்தம் ஊரை எழுப்பிவிடாதபடி குதிரையின் கால்களைத் தேவகணங்கள் கையில் தாங்கியிருக்கின்றன.

அதே குதிரை அடுத்தடுத்து நான்கு முறை வருகிறது, வலது பக்கம் நகர்ந்துகொண்டே. நான்கு தடவையும் குடை மேலே இருக்கிறது. வலது கோடியில் இரண்டு பாதச் சுவடுகள். குடை இப்போது அந்தச் சுவடுகளுக்கு மேல் இருக்கிறது. தேரோட்டி சந்தகன் அவற்றின் முன்னால் மண்டியிட்டிருக்கிறான். அப்புறம் கொஞ்சம் கீழே பாருங்கள்: குதிரை நகரத்தை நோக்கித் திரும்பிப் போகிறது. அதன் மேல் குடை இல்லை.

சாஞ்சிச் சிற்பிகள் புத்தரை மனித உருவில் காட்டுவதில்லை. வேறு யாராவது இருந்தால் அதை ஒரு தடையாக நினைத்துத் தவித்திருப்பார்கள். இவர்களோ அந்தத் தடையையே கதைக்குள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். போகும்போதும் குதிரை முதுகு காலி, வரும்போதும் காலி. ஆனால் முதல் காலியில் ஒருவன் இருக்கிறான், இரண்டாவதில் இல்லை. ஒரு குடையை வைத்து இதைச் சொல்லிவிட்டார்கள். இதில் எந்த ஒரு குதிரையைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தாலும் நல்ல குதிரைச் சிற்பம், அவ்வளவுதான். வரிசையாகப் பார்க்கும்போதுதான் பிரிவு நடக்கிறது. அதையும் நாமேதான் நடத்திக்கொள்கிறோம். (தெற்குத் தோரணத்தில், யானைத் தந்தத்தில் செதுக்கும் விதிசைக் கைவினைஞர்கள் செய்த சிற்பம் என்று கல்வெட்டே இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் வேலை செய்து பழகிய கைகள். இடத்தை அளந்து செலவழிக்க அவர்களுக்குத் தெரியாதா என்ன!)

வரிசை என்றதும் காலவரிசை மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரான்சில் பேயோ என்ற ஊரின் பெயரால் அறியப்படும் ஒரு துணி இருக்கிறது. 1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதையைக் கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளத்துக்குக் கம்பளி நூலால் தைத்திருக்கிறார்கள். அதில் இங்கிலாந்து மன்னர் எட்வர்டின் சவ ஊர்வலம் முதலில் வருகிறது. மரணப் படுக்கை அதற்கு அடுத்தாற்போல் வருகிறது. தப்பாகத் தைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் படுக்கைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து மன்னராகப்போகிற ஹெரால்டிடம் கிரீடத்தை நீட்டுகிறார்கள். அங்கே நிற்கிறவர்களில் ஒருவர் கையை நீட்டி அந்த மரணப் படுக்கையைக் காட்டுகிறார். செத்துப்போகிறவரின் கடைசிப் பேச்சும் கிரீடமும் ஒட்டி நின்றால்தான் ‘இந்தப் பதவி அங்கிருந்து வந்தது’ என்ற வாதம் கண்ணில் படும். நடுவில் ஊர்வலம் புகுந்தால் அது அறுந்துபோகும். அதற்காக நாள்கணக்கையே மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இன்று எடிட்டிங் மேஜையில் செய்கிற வேலையும் இதுதான்.

சொற்கள் குறைந்தால்தான் உயர்வா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. அந்தத் துணியிலேயே லத்தீன் வரிகள் உண்டு. திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராஜரைப் பெற்று வந்த கதை விதானத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. ஊர்வலம், வாத்தியங்கள், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. கூடவே தமிழில் விளக்க வரிகளும் உண்டு. யார், எந்த இடம் என்பதை எழுத்து சொல்லிவிடுவதால், ஓவியர் திருவிழாவின் நெரிசலில் ஆசைதீரத் திளைத்திருக்கிறார். படம் ஏற்கெனவே சொன்னதையே எழுத்தும் திருப்பிச் சொல்லும்போதுதான் சலிப்பு வருகிறது. நம் சினிமாவில் கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர், ‘அவ மனசு உடைஞ்சு போச்சு’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அது போல.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். காமிக்ஸில் ஒரு கட்டத்தில் ஓங்கிய கை இருக்கும், அடுத்த கட்டத்தில் கீழே விழுந்தவன் இருப்பான். அடி விழுந்ததை யாரும் வரைந்திருக்க மாட்டார்கள். அதை அவள்தான் போட்டுக்கொள்கிறாள். பக்கத்துக்கு ஏழெட்டு தடவை இதைச் செய்கிறாள். இது படிப்பு இல்லையென்றால் வேறு எதைப் படிப்பு என்பது? ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்காருங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் கடைசிக் கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு, ‘இப்ப என்ன ஆகும், எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். அவள் விரல் வைத்துக் காட்டும் இடங்களைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். வீட்டில் குறை சொல்கிறவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.