ஆய்வுக் குறிப்புகளுக்கு எந்த இலவசச் செயலி?

வணக்கம். ஆண்ட்ராய்டு கைபேசியிலும் விண்டோஸ் மடிக்கணினியிலும் ஒரே ஆய்வுக் குறிப்புகள் வேண்டும், இணையம் இல்லாதபோதும் எழுத வேண்டும், பணம் செலுத்த இயலாது என்று எழுதியிருந்தீர்கள். இம்மூன்றும் உறுதியென்றால் நான் ஜாப்லின் (Joplin) என்ற குறிப்புச் செயலியைத்தான் பரிந்துரைப்பேன். அது திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரலை எவரும் இலவசமாகப் பெறலாம். குறிப்புகள் முதலில் உங்கள் கருவியிலேயே சேமிக்கப்படுவதால் இணையமின்றியும் எழுதலாம், பின்னர் இணையச் சேமிப்பகங்களான டிராப்பாக்ஸ் அல்லது ஒன்டிரைவ் கணக்கின் வழியாக இரு கருவிகளையும் ஒத்திசைத்துக்கொள்ளலாம். குறிப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டும் மறையாக்கத்தை இயக்கினால் கடவுச்சொல்லைத் தனியே குறித்து வையுங்கள். தோற்றம் சற்று வறட்சியானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டிருந்த எவர்நோட்டின் இலவசத் திட்டம் 2023 டிசம்பரில் 50 குறிப்புகள், ஒரே குறிப்பேடு என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. ஆய்வு மாணவருக்கு அது எந்த மூலைக்கு? கூகுள் கீப் சிறு பட்டியல்களுக்கு நன்று, நீண்ட குறிப்புகளுக்கு அன்று. எழுதுகோலால் திரையில் எழுதும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மட்டும் மைக்ரோசாஃப்டின் ஒன்நோட்டை எண்ணிப் பாருங்கள். அதன் குறிப்பேடுகள் ஒன்டிரைவின் இலவச 5 ஜிபி இடத்தில் பிற கோப்புகளோடு சேர்ந்தே அமரும்.

எதை நிறுவினாலும், பத்துக் குறிப்புகளை எழுதி, அவற்றை வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே சோதியுங்கள். ஜாப்லினின் கணினிப் பதிப்பில் அனைத்தையும் மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம்.