முதல் சோலோவில் துள்ளிய விமானம்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். விமானப் பயிற்சியில் மகள் முதல்முறை தனியாக (சோலோ) ஓட்டிய செஸ்னா 172 என்ற சிறிய விமானம் தரையிறங்கும்போது துள்ளி, மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பெல்லரும் தரையில் உரசியிருக்கிறது. அவளுக்குக் கீறல்கூட இல்லை. "பேசாமல் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிடு என்கிறார் அவள் சித்தப்பா" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரம் எந்த முடிவும் வேண்டாம்.

இந்த விமானம் தரையிறங்க வரும்போது வேகம் சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கி.மீ. இருக்க வேண்டும். அதைவிட வேகமாக வந்தால் இறக்கை தூக்கிக்கொண்டே இருக்கும். சக்கரம் பட்டதும் விமானம் மறுபடி எழும்பும். பதற்றத்தில் மூக்கைக் கீழே அழுத்தினால், பாரம் தாங்கும் பின்சக்கரங்களுக்கு முன்பே மூக்குச் சக்கரம் மோதும். அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாகும். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது துள்ளலில்தான் சக்கரம் ஒடிகிறது. முதல் துள்ளலிலேயே இன்ஜினுக்கு முழு விசை கொடுத்து மேலேறி, ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கியிருக்கலாம். இதைத்தான் கோ-அரவுண்ட் என்கிறார்கள். பல மாணவர்கள் இதை அவமானமாக நினைக்கிறார்கள். அந்த நினைப்பைப் போக்க வேண்டியது பயிற்றுநர். சோலோவுக்கு முன் எத்தனை முறை கோ-அரவுண்ட் பழக்கினார்கள் என்று மகளிடமே கேளுங்கள். சொல்லும்படி எதுவும் இல்லையென்றால், கோளாறு அவளிடம் மட்டும் இல்லை.

பயிற்சிப் பள்ளியிடமும் ஒன்று கேட்க வேண்டும்: அன்று ஓடுபாதைக்குக் குறுக்கே வீசிய காற்று எவ்வளவு, மாணவரைத் தனியே அனுப்ப அவர்கள் வைத்திருக்கும் வரம்பு எவ்வளவு? விமானத்தின் கையேட்டில் 15 நாட் என்று இருக்கும். அது கைதேர்ந்த பைலட் ஓட்டிக் காட்டிய அளவு. புதியவர்களுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வைக்க வேண்டும். மழுப்பினால் வேறு பள்ளி பார்க்கலாம்.

பணம்: புரொப்பெல்லர் தரையில் அடித்தால் இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டிவரும், செலவு பெரிது. இன்சூரன்ஸ் போக மிச்சத்தை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

விபத்துத் தகவல் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏவுக்கும், விமான விபத்துகளை விசாரிக்கும் ஏஏஐபிக்கும் போயாக வேண்டும். ஏஏஐபி விசாரணை யார்மீதும் பழி போடுவதற்காக அல்ல. இன்னொரு விபத்து நடக்காமல் தடுப்பதற்காக. நாளை விமான நிறுவன இன்டர்வியூவில் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். மறைத்தது தெரியவந்தால்தான் ஆபத்து.

கமர்ஷியல் லைசென்சுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அவள் இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள். பயிற்றுநரோடு சில நாள் சர்க்யூட் (ஏறி, நிலையத்தைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி) பறந்து, இரண்டு மூன்று கோ-அரவுண்டும் செய்யட்டும். அதன்பிறகு, தொடர விருப்பமா என்று கேளுங்கள். கேட்கும்போது சித்தப்பா பக்கத்தில் இருக்க வேண்டாம்.