அடாரி 2600: கேட்ரிட்ஜ் வாங்குவதா, கேம் எழுதுவதா?

கேள்வி: அடாரி 2600 என்ற பழைய வீடியோ கேம் கன்சோலின் கேட்ரிட்ஜ்களை, அதாவது கேம் அடங்கிய செருகு பெட்டிகளை, சேகரிக்க ஆசை. இன்றும் அதற்குப் புதிதாக கேம் எழுதுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நிரல் ஓரளவு எழுதத் தெரியும். எதிலிருந்து தொடங்கலாம்? செலவு எப்படி?

பதில்:

எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். வாங்குவது தானாகப் பின்னால் வரும்.

பெரும்பாலானவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு. முதலில் கன்சோல், அப்புறம் கேட்ரிட்ஜ்கள், அடுக்க ஓர் அலமாரி, கடைசியில் என்றாவது ஒரு நாள் நிரல். அந்த ஒரு நாள் வருவதே இல்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு வரிகூட எழுதிப் பார்க்காதவருக்கு எந்த கேட்ரிட்ஜ் எதனால் முக்கியம் என்று விலையை வைத்துத்தான் சொல்லத் தெரியும். விலை என்பது எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான்.

ஏர் ரெய்டு என்று ஒரு கேம். மென்-ஏ-விஷன் என்ற பெயரில் வந்தது, கைப்பிடி வைத்த நீல நிற கேட்ரிட்ஜ். 2010-இல் அதன் அட்டைப்பெட்டியோடு ஒரு பிரதி 31,600 டாலருக்குப் போனது. விளையாட்டு என்று பார்த்தால் மேலிருந்து வருவதைச் சுடுவது, வேறொன்றும் இல்லை. இந்தப் பக்கம் 1982-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தில் டேவிட் கிரேன் எழுதிய பிட்ஃபால். லட்சக்கணக்கில் விற்றதால் பெட்டியில்லாத பிரதி இன்றைக்கும் மலிவு. அதில் 255 திரைகள். முழு கேமும் 4 கிலோபைட்டுக்குள். அத்தனை காட்டையும் எங்கே வைத்தார்? எங்கேயும் வைக்கவில்லை. ஒரே ஒரு பைட்டை, அதாவது எட்டு பிட்டை, ஒரு விதிப்படி பிட் பிட்டாக நகர்த்தினால் அடுத்த திரை, அதையே திருப்பிச் செய்தால் முந்தைய திரை. மரம், குழி, முதலை எல்லாம் அந்த பைட்டின் பிட்டுகளிலிருந்தே முடிவாகின்றன. 256 இல்லாமல் 255 ஆனதும் இதனால்தான்: பூஜ்யத்தை எப்படி நகர்த்தினாலும் பூஜ்யமாகவே நிற்கும். என்னைக் கேட்டால் இந்த இரண்டில் சேகரிக்க வேண்டியது எது என்பதில் சந்தேகமே கிடையாது.

சரி, எழுதுவது அவ்வளவு கஷ்டமா? கஷ்டம்தான். ஆனால் வேறு மாதிரிக் கஷ்டம்.

1977-இல் வந்த பெட்டி. உள்ளே 6507 என்ற செயலி, அதாவது கால்கள் குறைக்கப்பட்ட 6502. வேகம் 1.19 மெகாஹெர்ட்ஸ். ரேம் 128 பைட், கிலோபைட் இல்லை, பைட். யூனிகோடு யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், நீங்கள் கேட்ட கேள்வியைக்கூட இந்த ரேமில் முழுதாகச் சேமிக்க முடியாது. படத்துக்கு என்று தனி நினைவகமே கிடையாது. படம் வரையும் டிஐஏ என்ற சிப் ஒரு நேரத்தில் திரையின் ஒரு கிடைக்கோட்டைத்தான் அறியும். அந்த ஒரு கோட்டில் எட்டு பிட் அகலத்தில் பிளேயர் என்ற உருவம் இரண்டு, மிசைல் என்ற மெல்லிய துண்டு இரண்டு, பால் என்ற அதே மாதிரித் துண்டு ஒன்று, பின்னணிக்கு 20 பிட். பழைய டிவியில் படம் வரையும் கதிர் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கும். அது போய்ச் சேருமுன் உங்கள் நிரல் அந்த சிப்பின் ரெஜிஸ்டர்களை (மதிப்பு எழுதும் சிறு இடங்கள்) மாற்றிக்கொண்டே வரவேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது செயலியின் 76 சுழற்சி, அதாவது 76 கடிகாரத் துடிப்பு. நிற்காமல் போகும் ரயிலுக்குப் பிளாட்பாரத்தில் நின்றபடி ஜன்னல் ஜன்னலாக இட்லிப் பொட்டலம் நீட்டுகிற வேலை. ஒரு ஜன்னலைத் தவறவிட்டால் அடுத்தவர் கையில் போய்விடும்.

ஒரு பொருளைத் திரையில் எங்கே வைப்பது என்பதற்கும் எக்ஸ், ஒய் என்று எண் கொடுக்க வழியில்லை. கதிர் எந்த இடத்தில் இருக்கும்போது நீங்கள் அந்தப் பொருளுக்கான ரெஜிஸ்டரைத் தொடுகிறீர்களோ, அங்கேதான் பொருள் உட்காரும். பிறகு ஹெச்மூவ் என்ற கட்டளையால் சில புள்ளிகள் இப்படி அப்படி நகர்த்திக்கொள்ளலாம். இதை முதல்முறை படித்தபோது யாரோ விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன்.

நான் எழுத எடுத்தது ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளிகள். உச்சியில் ஒன்று, கீழே ஆறு, ஆறு, ஆறு, கடைசியில் நான்கு. உச்சியிலிருந்து நான்கு சாய்கோடுகள் இறங்கும். திண்ணையில் சாக்பீஸால் இரண்டு நிமிடத்தில் போடுகிற கட்டம், இங்கே பல வாரம் எடுத்தது. மெல்லிய பொருள் என்று என்னிடம் இருப்பது மூன்று: மிசைல் இரண்டு, பால் ஒன்று. ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் சாய்கோடு கிடைத்துவிடும், ஆனால் வேண்டியது நான்கு. உச்சிக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் காய்கள் எதுவும் நிற்காது என்பது பிறகுதான் உறைத்தது. அங்கே சும்மா இருக்கும் பிளேயரில் ஒற்றை பிட்டை மட்டும் ஏற்றினால் அதுவே நான்காவது கோடு. கீழே இறங்கியபின் சாய்வை விட்டுவிட்டேன், கோடுகள் செங்குத்தாகப் போகும். மரபுப்படி விளையாடுகிறவர்கள் முகம் சுளிப்பார்கள், வேறு வழி இல்லை.

அடுத்தது ஆறு காய். இரண்டு பிளேயர்தானே இருக்கிறது, ஒரே வரிசையில் ஆறு எப்படி? இதற்கு விடை ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமில் இருக்கிறது. 1980-இல் வந்த அந்த 2600 பதிப்பில் ஒரு வரிசைக்கு ஆறு எதிரிகள்தான். ஒரு பிளேயரை ஒரே கோட்டில் மூன்று நகலாகக் காட்டும் வசதி சிப்பிலேயே உண்டு. இரண்டு பிளேயரை இடைவிட்டு வைத்தால் ஆறு. ஆனால் அங்கே வரிசை முழுக்க ஒரே உருவம். எனக்கு ஒரே வரிசையில் புலி, ஆடு, காலிப் புள்ளி மூன்றும் மாறி மாறி வரவேண்டும். காய்க்கும் காய்க்கும் நடுவே கிடைப்பது ஐந்து சுழற்சியும் சொச்சமும். ரேமிலிருந்து ஒன்றை எடுத்து எழுதவே ஆறு சுழற்சி. ஆகவே முதல் இரண்டைக் கோடு தொடங்குமுன்பே எழுதிவிட்டு, அடுத்த மூன்றைச் செயலியின் ஏ, எக்ஸ், ஒய் ரெஜிஸ்டர்களில் தயாராக வைத்திருந்து வரிசையாக இறக்க வேண்டும். கடைசி ஒன்றுக்கு மட்டும் எடுத்து எழுத நேரம் கிடைக்கும். இது ஓடிய இரவில் வீட்டில் எல்லோரையும் எழுப்பித் திரையைக் காட்டினேன். ஒருவருக்கும் என்ன பார்க்கிறோம் என்றே புரியவில்லை.

இந்த இடத்தில்தான் என் சேகரிப்பு தொடங்கியது. 1979-இல் வந்த வீடியோ செஸ் என்ற கேட்ரிட்ஜை நான் வாங்கியது அரிதானது என்பதற்காக இல்லை. அது சில டாலர்தான். ஒரு வரிசையில் எட்டுக் காயை எப்படிக் காட்டினார்கள் என்று பார்க்க. அதன் நிரலர் பாப் வைட்ஹெட் செய்தது என்னவென்றால், ஒரு கோட்டில் நான்கு காய், அடுத்த கோட்டில் மற்ற நான்கு என்று மாற்றி மாற்றி. அதனால்தான் காய்கள் ஜன்னல் சட்டம் வைத்ததுபோல் கோடுகோடாகத் தெரியும். கணினி யோசிக்கும்போது படத்தையே விட்டுவிட்டு வண்ணத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கும், ஏனென்றால் படம் வரைந்தால் யோசிக்க நேரம் இருக்காது. என் புலியும் இப்போது அப்படித்தான் யோசிக்கிறது. அதன்பின் வாங்கியதெல்லாம் இப்படியே. ஆக்டிவிஷன் கேம்களில் இடது ஓரம் முழுக்க ஒரு கறுப்புப் பட்டை ஏன்? ஹெச்மூவ் தொட்ட கோட்டின் இடது ஓரத்தில் கறுப்புத் துண்டு விழும். அங்கங்கே பல் பல்லாகத் தெரிவதைவிட எல்லாக் கோட்டிலும் விழட்டும் என்று விட்டார்கள். காஸ்மிக் ஆர்க் என்ற கேமின் நட்சத்திரங்கள் சிப்பின் ஒரு கோளாறிலிருந்தே பிறந்தவை.

தொடங்கப் பைசா செலவு வேண்டாம். நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றும் டாஸம் என்ற அசெம்ப்ளர் இலவசம், கன்சோலைப்போலவே கணினியில் கேமை ஓட்டும் ஸ்டெல்லா என்ற எமுலேட்டரும் இலவசம். ஸ்டெல்லாவில் உள்ள டீபக்கர் என்ற பிழை தேடும் வசதி கோடு கோடாக, சுழற்சி சுழற்சியாக நிறுத்திப் பார்க்க விடும். ஒவ்வொரு பொருளையும் தனித்தனி நிறத்தில் காட்டும் வசதியும் அதில் உண்டு, அதை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். அசெம்ப்ளி பயமாக இருந்தால் பட்டாரி பேசிக் என்ற எளிய மொழி இருக்கிறது. அதில் சீக்கிரம் ஏதாவது ஓடும், ஆனால் மேலே சொன்ன சுகம் பாதிதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். இது ஏதோ ஒரு மூலையில் நடக்கும் வேலை என்று நினைக்காதீர்கள். அடாரி 1992-இல் இந்தக் கன்சோலை நிறுத்தியது. 1995-லேயே எட் ஃபெடர்மேயர் எட்ரிஸ் 2600 என்ற புது கேமை வெளியிட்டுவிட்டார். மைக்ரோசாஃப்டில் எக்ஸ்பாக்ஸ் கேம்களைப் பார்த்துக்கொண்ட எட் ஃப்ரைஸ் 2010-இல் எக்ஸ்பாக்ஸின் ஹேலோ கேமை இதற்காக 4 கிலோபைட்டில் எழுதினார். அது இப்போது ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நிஜப் பெட்டியில் ஓட்டிப் பார்க்க எஸ்டி கார்டு செருகும் கேட்ரிட்ஜ்கள் கிடைக்கின்றன. முதல் பெரிய செலவு அதுவாக இருக்கட்டும். சொந்தமாக ஒரு சிப்பில் கேமைப் பதிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். கன்சோலின் ஏ12 என்ற முகவரிக் கம்பிதான் சிப்பைத் தேர்வு செய்வது, அதன் மின்னழுத்தம் உயரும்போது பழைய கேட்ரிட்ஜின் ரோம் சிப் விழிக்கும். 2732 என்ற ஈப்ராம் (நாமே எழுதி அழிக்கக்கூடிய சிப்) அது தாழும்போது விழிக்கும். நடுவில் 7404 என்ற சிப்பைப் போட்டு அந்தக் குறியைத் தலைகீழாக்காமல் வேலை நடக்காது. அரிய கேட்ரிட்ஜ் என்று யாராவது விற்கும்போது திறந்து பார்க்கச் சொல்வதும் இதனால்தான். தொழிற்சாலையில் வந்தது என்று சொல்லி உள்ளே ஜன்னல் வைத்த ஈப்ராம் இருந்தால் பெரும்பாலும் போலி. வெளிவருமுன் செய்த மாதிரிப் பிரதிகளும் ஈப்ராமில் இருக்கும், அது வேறு சந்தை, ஆரம்பத்தில் அங்கே போகாதீர்கள்.

ஈ.டி. என்ற கேமை வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவின் அலமோகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் அடாரி புதைத்து, 2014-இல் தோண்டி எடுத்த நசுங்கிய பிரதிகளுக்கு ஏலத்தில் நல்ல விலை. வீட்டில் பத்திரமாக இருந்த பிரதியைச் சீண்ட ஆள் இல்லை. வாங்குங்கள், சில டாலர்தான்.

வாங்கிய கேட்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலானவை எழுந்துவிடும். அடாரியின் சொந்த கேட்ரிட்ஜ்களில் வாயை மூடும் தகடு ஒன்று இருக்கும், அதைத் தள்ளிவிட்டுத் துடைக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வாங்குவதானால் கூரியர் செலவு கேட்ரிட்ஜ் விலையைத் தாண்டும், அதனால் ஒவ்வொன்றாக வாங்காமல் ஒரே ஆளிடம் மொத்தமாகப் பேசுங்கள். கன்சோல் என்டிஎஸ்சியா (அமெரிக்க டிவி முறை) பிஏஎல்லா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நம் ஊர் டிவி முறை பிஏஎல்; அமெரிக்க கேட்ரிட்ஜை பிஏஎல் கன்சோலில் போட்டால் நிறமெல்லாம் மாறிவிடும். அமெரிக்கக் கன்சோலை வாங்கினால் அதன் ஆன்டெனா வெளியீட்டை நம் டிவி சரியாகப் பிடிக்காது, ஏவி வெளியீடு வைத்து மாற்றியதாகப் பார்த்து வாங்குங்கள். எழுதுகிறவருக்கு என்டிஎஸ்சியே வசதி, ஒரு படத்துக்கு 262 கோடு என்ற அதன் கணக்கில்தான் பழைய குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன.