ஏழாம் வகுப்பு சமூக அறிவியல்: வகுப்பில் என்ன நடக்கும்?

தஞ்சாவூர்ப் பக்கம் மாநிலப் பாடத்திட்டத்தில் மகள் ஏழாம் வகுப்பு போகிறாள், சமூக அறிவியலுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் ஒரே புத்தகத்தில் வரும். கனமானது வரலாறுதான். அதில் பிற்காலச் சோழர்கள் நம் ஊர்க் கதை. ஊர்ச் சபைக்கு உறுப்பினர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை மனப்பாடம் செய்யவிடாதீர்கள், செய்து பார்க்கட்டும். பெயர்களை ஓலை மாதிரித் துண்டுச் சீட்டில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள். போட்டியிட வயது 35 முதல் 70, கால் வேலி நிலம் வேண்டும் என்கிறது உத்திரமேரூர்க் கல்வெட்டு. வேலியும் மாவும் பழைய நில அளவுகள்; கால் வேலி என்றால் 5 மா. தாத்தாவிடம் கேட்டால் வயலையே காட்டுவார்.

பிள்ளைகள் வழக்கமாகக் குழப்புவது: கல்லணை கரிகாலன் பெயரோடு சேர்ந்தது, பெரிய கோயில் முதலாம் ராஜராஜன் கட்டியது (1010). இரண்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள்.

மதிப்பெண் போவது வரைபடத்தில்தான். காவிரியைக் குடகிலிருந்து தொடங்கி, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்து, பூம்புகாரில் கடலில் சேர்க்க வேண்டும். கொள்ளிடம் வடக்கே, காவிரி தெற்கே. முதலில் பென்சிலால் மெல்லிய கோடு, பிறகு பெயர். கோட்டின் மேலேயே பெயரை எழுதினால் இரண்டும் தெரியாது.